குசினியிலிருந்து மேசைக்கு: அஜின்கோர்ட் வட்டாரமும் ரொறன்ரோத் தமிழரின் கடைச்சாப்பாட்டு வரலாறும்

1. முன்னுரை

ரொறன்ரோ மாநகரம் இன்று உணவுக்குப் பேர்போன நகரங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் டைலர் கவன் 2015ஆம் ஆண்டில் நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவைச் சுற்றிப் பார்த்தபின், குடிவரவாளர் உணவைப் பொறுத்தவரை தாம் கண்ட புறநகர்களுள் இதுவே தலைசிறந்தது என்னும் கருத்தை எழுதினார். 2022 செப்டம்பரில் மிஷலின் வழிகாட்டி கனடாவில் முதன்முறையாக ரொறன்ரோவுக்கு வந்து 13 உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கியது. அவற்றுள் ஒன்றேனும் ஸ்காபரோவில் இல்லை. ஒரே நகரத்தின் உணவுப் புகழுக்கு இரு வேறு அளவுகோல்கள் இருப்பதை இம்முரண் காட்டுகிறது. முதலாவது, வாகனத் தரிப்பிடத்தை நோக்கிய சிறு கடையின் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கிறது. இரண்டாவது, வெள்ளைத் துணி விரித்த மேசையைப் பார்க்கிறது.

இவ்விரண்டு இடங்களிலும் தமிழர் இருந்தனர். ஸ்காபரோவின் சிறு கடையில் உரிமையாளராகவும் வாடிக்கையாளராகவும் இருந்தனர். நகர மையத்தின் பெரிய உணவகத்தில் கண்ணுக்குப் புலப்படாத குசினித் தொழிலாளராக இருந்தனர். ரொறன்ரோத் தமிழர் வெளியே உண்ட வரலாற்றை அவர்கள் பிறருக்குச் சமைத்த வரலாற்றிலிருந்து பிரித்து எழுத முடியாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஸ்காபரோவின் வடபகுதியிலுள்ள அஜின்கோர்ட் வட்டாரத்தை மையமாகக் கொண்டு இக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது.

2. தமிழ் மரபில் விற்கப்படும் உணவு

சமைத்த உணவை விலைக்கு விற்றல் தமிழருக்குப் புதியதன்று. பெரும்பாணாற்றுப்படையும் மதுரைக்காஞ்சியும் அப்பம் சுட்டு விற்கும் கூவியரைக் குறிப்பிடுகின்றன. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்து மக்களை வரிசைப்படுத்துகையில் காழியரையும் கூவியரையும் அடுத்தடுத்து வைக்கிறது. முன்னவர் பிட்டு விற்போர், பின்னவர் அப்பம் விற்போர் என உரைவழிப் பொருள் கொள்ளப்படுகிறது. இவ்விரு பண்டங்களும் இன்று அஜின்கோர்ட் வட்டாரக் கடைகளில் நாள்தோறும் விற்பனையாகின்றன என்பது கருதத்தக்கது.

இங்கு நுட்பமான ஒரு வேறுபாடு உண்டு. அப்பமும் பிட்டும் சிற்றுண்டிகள். அவற்றை விற்பதில் இழுக்கு இல்லை. சோறு அவ்வாறன்று. சோறிடுதல் அறமாகவும் சோறு விற்றல் தாழ்வாகவும் கருதப்பட்ட மனநிலை நெடுங்காலம் நீடித்தது. மணிமேகலையின் அமுதசுரபி முதல் வழிநடைச் சத்திரங்கள் வரை, வெளியூரில் பசித்தவனுக்குச் சோறு கிடைக்கும் வழி அறத்தின் வழியாகவே கற்பனை செய்யப்பட்டது. காசு கொடுத்தவர் எவராயினும் அமர்ந்து உண்ணலாம் என்னும் உணவகம் இம்மனநிலைக்கு ஒரு சவாலாகவே வந்தது.

அந்தச் சவால் சாதியோடு மோதியது. தமிழ்நாட்டில் காப்பிக் கடைகளின் வருகையும் அவற்றில் நிலவிய சாதிப் பாகுபாடும் ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலால் நன்கு அறியப்பட்டவை. 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகைக்கு எதிராக 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்பாகப் பெரியார் நடத்திய போராட்டம் அதன் உச்சங்களுள் ஒன்று.

யாழ்ப்பாணத்தின் வரலாறு இதற்கு நிகரானது. ஆனால் இதனைவிடக் குறைவாகவே ஆராயப்பட்டது. அங்குத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே அமர அனுமதிக்கப்படவில்லை. தேநீர் அவர்களுக்குப் போத்தல்களிலும் தகரப் பேணிகளிலும் வெளியே வழங்கப்பட்டது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும் இவ்வழக்கம் தானாக மறையவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தைத் தொடர்ந்து, ஆலயப் பிரவேசத்தோடு தேநீர்க்கடைப் பிரவேசமும் போராட்டக் கோரிக்கையாயிற்று. சங்கானை முதலிய இடங்களில் அது வன்முறையை எதிர்கொண்டது. கே. டானியலின் புனைகதைகள் பிறந்த சமூகச் சூழல் இதுவே.

ஆகவே 1980களில் கனடாவுக்கு வந்த ஈழத்தமிழர், உணவகத்தை ஒரு நடுநிலையான இடமாக அறிந்து வந்தவரல்லர். அங்கு யார் அமரலாம், யார் கையால் ஆக்கியதை யார் உண்ணலாம் என்னும் வினாக்கள் ஒரு தலைமுறைக்குள் இரத்தம் சிந்தி எழுப்பப்பட்டவை.

3. அஜின்கோர்ட்: ஊரும் அங்காடியும்

அஜின்கோர்ட் 1858இல் ஓர் அஞ்சலகத்தோடு பெயர் பெற்ற சிற்றூர். 1415இல் பிரான்சில் நடந்த போரின் பெயரைத் தாங்கியது. அஞ்சலகத்துக்குப் பிரெஞ்சுப் பெயர் வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வென்ற களத்தின் பெயரை ஊரார் சூட்டினர் என்பது மரபாகச் சொல்லப்படும் கதை. நூறாண்டு காலம் வேளாண் ஊராக இருந்த இவ்விடம், இரண்டாம் உலகப் போருக்குப்பின் புறநகராயிற்று. கனேடியப் பசுபிக் இரயில்வே 1964இல் இங்குப் பெரியதொரு சரக்குப் பணிமனையைத் திறந்தது. ஸ்காபரோ 1983இல் தனி மாநகரமாகி, 1998 சனவரி 1ஆம் நாள் ரொறன்ரோவுடன் இணைக்கப்பட்டது.

கார் வைத்திருப்போருக்காக அமைக்கப்பட்ட இப்புறநகர், அகன்ற வீதிகளையும் அவற்றின் ஓரத்தில் ஒற்றைத் தளக் கடைத்தொகுதிகளையும் கொண்டது. முன்பக்கம் வாகனத் தரிப்பிடம், பின்பக்கம் சரக்கு இறக்கும் வழி, நடுவே ஒரே அளவிலான கடையறைகள் என்பதே அவற்றின் அமைப்பு. நகரத் திட்டமிடலாளர் பலரால் அழகற்றவை எனத் தள்ளப்பட்ட இத்தொகுதிகளே குடிவரவாளர் வணிகத்தின் தொட்டிலாயின. வாடகை நகர மையத்தைவிடக் குறைவு. ஓர் அறையில் அடுப்பும் காற்றுப்போக்கியும் ஏற்கனவே அமைந்திருந்தால் அடுத்தவர் அதே அறையில் வேறொரு சமையலைத் தொடங்கலாம். இதனால் ஒரே சுவருக்குள் பல சமூகங்களின் குசினிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின.

இம்மாற்றம் எதிர்ப்பின்றி நிகழவில்லை. அஜின்கோர்ட்டின் கிளென் வாட்போர்ட் வீதியில், முன்னர் சறுக்கு விளையாட்டு மண்டபமாக இருந்த கட்டடத்தில் 1984இல் டிராகன் சென்ரர் என்னும் சீன அங்காடி திறக்கப்பட்டது. கனடாவில் முதலாவது உள்ளரங்கச் சீன அங்காடியாக அது கருதப்படுகிறது. அங்கு உணவுண்ண வந்த கூட்டம் பெருகவே, வாகன நெரிசல் குறித்த முறைப்பாடுகள் எழுந்தன. அவை விரைவிலேயே சீனக் குடிவரவாளர் மீதான வெளிப்படையான வெறுப்பாக மாறின. ஓர் உணவகத்தின் முன் நிறுத்தப்பட்ட கார்கள், 'இவ்வூர் யாருடையது' என்னும் வினாவை எழுப்பிவிட்டன. தமிழர் பெருந்தொகையாக ஸ்காபரோவில் குடியேறியபோது, அவ்வினாவின் முதற் சுற்றைச் சீனர் ஏற்கனவே எதிர்கொண்டிருந்தனர். தமிழ்க் கடைகளுக்குக் கிடைத்த ஒப்பீட்டளவிலான அமைதிக்கு இம்முன்னோடிகளின் பங்கு ஒரு காரணமாகலாம்.

4. கோப்பை கழுவியோர்

1983 யூலை வன்செயலில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் உணவகங்களும் எரியூட்டப்பட்டன. அவ்வாண்டே கனடா இலங்கையருக்கான சிறப்பு நடவடிக்கைகளை அறிவித்து, கனடாவில் உறவினர் உள்ளோர் வருவதற்கான விதிகளைத் தளர்த்தியது. 1985 ஏப்ரலில் சிங் வழக்கில் வழங்கப்பட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அகதி நிலை கோருவோர் நேரில் விசாரிக்கப்படும் உரிமையை உறுதி செய்தது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட தமிழர், இவ்வருகையைக் கனடா முழுவதும் அறியச் செய்தனர். குடிவரவு அகதிகள் சபை 1989 சனவரியில் செயற்படத் தொடங்கியது.

சட்ட வரலாற்றின் இத்தேதிகளுக்கிடையே ஒரு தொழில் வரலாறு மறைந்துள்ளது. விசாரணைக்குக் காத்திருந்த இளைஞர் கையில் இருந்தது தற்காலிக வேலை அனுமதிப்பத்திரம். ஊரில் பெற்ற கல்விச் சான்று இங்குச் செல்லுபடியாகவில்லை. 'கனேடிய அனுபவம்' கேட்கப்பட்டது. ஆங்கிலம் குறைவாயினும் அன்றே வேலை தரக்கூடிய இடம் உணவகத்தின் பின்கதவு. அங்குச் சான்றிதழ் கேட்பாரில்லை. இரவு வேலை முடிந்தால் பகலில் மொழி வகுப்புக்கோ இன்னொரு வேலைக்கோ போகலாம். ஒருவர் வேலையில் நிலைத்துவிட்டால், அடுத்த வெற்றிடத்துக்குத் தம் அறைத்தோழரையோ ஊரவரையோ அழைத்து வருவார். சென். ஜேம்ஸ் ரவுணின் அடுக்குமாடிகளில் கூட்டாகத் தங்கியிருந்த இளைஞரிடையே இச்சங்கிலி விரைவாக நீண்டது.

ஈழத்தமிழரின் புலம்பெயர் வழக்கில் இவ்வேலைக்கு நிலைத்த பெயர் 'கோப்பை கழுவுதல்'. பாரிசிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இச்சொற்றொடர் ஒரே பொருளில் வழங்கியது. ஒரு வேலையின் பெயர் என்பதைத் தாண்டி, கல்வியும் குடும்ப மதிப்பும் பயன்படாத ஓர் இடத்தில் மனிதன் தன்னை மீண்டும் தொடங்க வேண்டியிருந்த நிலையை அது குறித்தது. வரலாற்றாசிரியர் இதனைப் பதிவு செய்யுமுன் இலக்கியம் பதிவு செய்துவிட்டது. செல்வம் அருளானந்தத்தின் 'எழுதித் தீராப் பக்கங்கள்' பாரிஸ் வாழ்வைப் பற்றியதாயினும், அதன் அனுபவ உலகம் ரொறன்ரோ வாசகருக்கு அந்நியமானதன்று.

குசினிக்குள் ஒரு படிநிலை இருந்தது. கோப்பை கழுவுபவர் சில மாதங்களில் மரக்கறி வெட்டும் மேசைக்கு நகர்வார். பின்னர் குளிருணவு, பின்னர் பொரிக்கும் அடுப்பு, இறுதியில் முதன்மை அடுப்பு. பாடப்புத்தகமின்றிக் கண்ணாலும் கையாலும் கற்ற கல்வி இது. இவ்வழியில் உயர்ந்த தமிழர் இத்தாலிய, கிரேக்க, பிரெஞ்சு உணவகங்களின் அடுப்புகளை நடத்தினர். நகர மையத்தில் ஒருவர் உண்ட இத்தாலிய மாவுணவை வல்வெட்டித்துறையிலோ வடமராட்சியின் வேறோர் ஊரிலோ பிறந்தவர் ஆக்கியிருக்கக்கூடும். ஆனால் உணவுப் பட்டியலிலோ பத்திரிகை விமரிசனத்திலோ அவர் பெயர் இடம்பெறுவது அரிது. ரொறன்ரோவின் உணவுப் புகழில் தமிழரின் முதற் பங்களிப்பு இவ்வாறு பெயரற்றதாயிற்று.

5. மேசையில்லாக் கடை

அஜின்கோர்ட்டிலும் அதனைச் சூழ்ந்த ஷெப்பர்ட், பின்ச், மக்கோவன், மார்க்கம் வீதிகளிலும் எழுந்த தமிழ் உணவுக் கடைகளின் தனிச்சிறப்பு, அவற்றுட் பல மேசையின்றியே தொடங்கின என்பதாகும். ஷெப்பர்ட் கிழக்கு வீதியிலுள்ள பாபு போன்ற கடைகள் 'ரேக் அவுட்' என்ற சொல்லைப் பெயரோடு சேர்த்தே அறிமுகமாயின. வாடிக்கையாளர் வரிசையில் நின்று, சூட்டுப்பெட்டிக் கண்ணாடிக்கு அப்பால் உள்ள கறிகளைச் சுட்டிக்காட்டி, பெட்டியில் நிரப்பிக்கொண்டு வெளியேறுவர். இடியப்பம் எண்ணிக்கைக் கணக்கில் விற்கப்படும். சொதியும் சம்பலும் அதனுடன் சேர்ந்து வரும். றோல்ஸ், பற்றிஸ், கட்லட், வடை ஆகியவை கொழும்புச் சிற்றுண்டிச்சாலையின் வரிசை மாறாமல் அடுக்கப்பட்டிருக்கும். கொத்துறொட்டி மட்டும் கேட்டபின் தட்டப்படும். இலங்கையின் கிழக்கு மாகாணத்தோடு பொதுவாகத் தொடர்புபடுத்தப்படும் அவ்வுணவின் தகட்டோசையே கடையின் விளம்பரம்.

இவ்வமைப்புக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது பொருளாதாரம். மேசையிட்டால் பரிமாறுவோர், கழிப்பறை, கூடுதல் இடம் ஆகியவை வேண்டும். குசினித் தொழிலில் சேமித்த சிறு முதல் அடுப்புக்கும் குளிர்ச்சாதனத்துக்குமே போதுமானது. இரண்டாவது நேரம். இரண்டு வேலை செய்யும் குடும்பத்துக்கு வேண்டியது உட்கார்ந்து உண்ணும் மாலையன்று, வீட்டுக்குக் கொண்டுசெல்லும் இரவுணவு. மூன்றாவது மனநிலை. ஊரில் கடையில் அமர்ந்து உண்டவர் பெரும்பாலும் ஆண்கள், பயணிகள், தனித்து வாழ்ந்த உத்தியோகத்தர். குடும்பமாகச் சென்று கடைமேசையில் உண்ணும் வழக்கம் வலுவானதாக இருக்கவில்லை. விருந்து என்றால் வீடு, அல்லது மண்டபம். ரொறன்ரோவில் திருமணமும் பூப்புனித நீராட்டு விழாவும் விருந்து மண்டபங்களுக்குச் சென்றபோது, உணவுக் கடை அவற்றுக்குத் தட்டுக் கணக்கில் உணவு வழங்கும் நிறுவனமாகவும் வளர்ந்தது.

இக்கடைகளின் பின்னால் இன்னொரு குசினியும் இருந்தது. இடியப்பம் பிழிதல், பிட்டு அவித்தல், றோல்ஸ் சுற்றுதல் ஆகியவை நேரத்தை விழுங்கும் வேலைகள். தமிழ்ப் பெண்கள் பலர் இவற்றை வீட்டிலிருந்தோ கடையின் பின்னறையிலோ செய்து கொடுத்தனர். நகர மையக் குசினியில் ஆண்களின் உழைப்பு மறைக்கப்பட்டதெனில், புறநகர்க் கடையில் பெண்களின் உழைப்பு மறைக்கப்பட்டது. முன்னதைப் பற்றிப் பேசும் சமூகம் பின்னதைப் பற்றிக் குறைவாகவே பேசியுள்ளது.

மேசை பின்னர் வந்தது. சரவண பவன், அஞ்சப்பர் முதலிய தமிழ்நாட்டு உணவகங்களின் கிளைகள் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் திறக்கப்பட்டபோது, அமர்ந்து உண்ணும் தமிழ் உணவகம் ஒரு குடும்ப இடமாகப் பரவலாயிற்று. அவற்றின் சாம்பாரையும் ஈழத்துச் சொதியையும் வேறுபடுத்திக் காணும் நாக்கு 'இந்தியச் சாப்பாடு', 'எங்கட சாப்பாடு' என்னும் பாகுபாட்டையும் உருவாக்கியது. இதற்கிடையே கொல்கத்தாச் சீனர் கொண்டுவந்த ஹக்கா உணவகங்கள் ஸ்காபரோவில் பெருகியிருந்தன. மிளகாயும் இஞ்சியும் ஏறிய அவ்வுணவு தமிழ் இளைஞருக்கு உவப்பாயிற்று. சீனரால் ஆக்கப்பட்டு, இந்தியச் சுவையேறி, ஈழத்தமிழ் மாணவரால் உண்ணப்படும் ஒரு தட்டுச் சோறு அஜின்கோர்ட் போன்ற இடத்திலேயே இயல்பாகும்.

6. கேட்கப்படாத வினா

யாழ்ப்பாணத் தேநீர்க் கடையின் வாசலில் கேட்கப்பட்ட வினா, ரொறன்ரோக் கடையின் வரிசையில் கேட்கப்படவில்லை. யார் சமைத்தார், யார் பரிமாறினார், அருகில் நிற்பவர் எவ்வூர் எச்சாதி என்று விசாரித்துப் பெட்டியை வாங்குவோர் இலர். இம்மாற்றத்தைச் சாதித்தது சீர்திருத்த இயக்கமன்று. சட்டம், அந்நியச் சூழல், கூலி உழைப்பின் சமன்மை ஆகிய மூன்றும் சேர்ந்தே இதனைச் செய்தன. ஊரில் தம் வீட்டுக் கிணற்றில் பிறரை நீர் அள்ள விடாத குடும்பத்து இளைஞரும் அவ்வாறு தடுக்கப்பட்ட குடும்பத்து இளைஞரும் ஒரே தொட்டியில் எவரெவரோ உண்ட கோப்பைகளைக் கழுவினர். எச்சில் பற்றிய பழைய விதிகள் அத்தொட்டியில் நிலைக்க முடியவில்லை.

எனினும் இதனைச் சாதியின் முடிவு எனக் கொள்வது பிழையாகும். உணவுக் கடையிலிருந்து வெளியேறிய சாதி, திருமணப் பேச்சிலும் ஊர்ச்சங்க உறவுகளிலும் தொடர்ந்து வாழ்கிறது. உண்ணும் இடத்தில் அது விலகியதும், உறவு கொள்ளும் இடத்தில் அது நிலைத்ததும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை. பெட்டியில் வாங்கிச் செல்லும் உணவு உடனிருந்து உண்பதை வேண்டுவதில்லை. மேசையில்லாக் கடை சாதியை எதிர்கொள்ளாமலே கடந்து செல்ல வழி தந்தது. அதன் சிறப்பும் அதுவே, எல்லையும் அதுவே. 1960களில் தேநீர்க்கடையுள் நுழைந்து அமர்ந்தோர் கோரியது தேநீரை மட்டுமன்று. உடனமரும் உரிமையையும் கோரினர்.

7. ஆவணங்களின் நிலை

2020 மார்ச் 17இல் ஒன்ராறியோ அரசு பெருந்தொற்றுக் காலத்து அவசரநிலையை அறிவித்து, உணவகங்களில் அமர்ந்து உண்பதை நிறுத்தியபோது, எடுத்துச் செல்லும் விற்பனை மட்டுமே அனுமதிக்கப்பட்டது. நகரின் புகழ்பெற்ற உணவகங்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்த முறையைத் தமிழ்க் கடைகள் பல்லாண்டுகளாகக் கைக்கொண்டிருந்தன. இவ்வனுபவமும் முறையாகப் பதிவாகவில்லை.

இவ்வரலாற்றுக்கான சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன. 'தமிழர் தகவல்', 'உதயன்' முதலிய இதழ்களின் விளம்பரப் பக்கங்கள், தமிழ் வர்த்தகக் கையேடுகள், மாநகர உரிமப் பதிவுகள், 2001இல் தொடங்கிய டைன்சேவ் சுகாதாரப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை ஒப்பிட்டால், எக்கடை எப்போது எங்கிருந்தது என்பதை ஓரளவு நிறுவலாம். நூலகம் நிறுவனத்தின் மின்னாவணப் பணி இதற்கு உதவும். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் உணவாய்வு மையமான கலினேரியாவும் தமிழ் இருக்கையும் ஒருங்கே அமைந்திருப்பது அரிய வாய்ப்பு.

ஆனால் கடைகளின் பட்டியல் குசினியின் வரலாறாகாது. 1980களில் இருபது வயதில் கோப்பை கழுவத் தொடங்கியோர் இன்று ஓய்வு பெறும் வயதினர். அவர்களது நினைவுகள் எழுதப்பட்டவையல்ல. பிள்ளைகளிடம் அவர்கள் அவற்றைப் பெருமையாகச் சொல்லவும் பழகவில்லை. கடைத்தொகுதிகளோ ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளுக்கு வழிவிடுகின்றன. டிராகன் சென்ரர் இருந்த இடமே அத்தகைய திட்டத்துக்கு உட்பட்டதாகும். மனிதரும் கட்டடங்களும் ஒரே காலத்தில் மறைகின்றனர்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, ரொறன்ரோவின் உணவுப் புகழில் தமிழரின் பங்கு அவர்களது சொந்த உணவகங்களுக்கு முன்பே, பிறர் உணவகக் குசினிகளில் தொடங்கியது. இரண்டு, தமிழ்க் கடை மேசையின்றித் தொடங்கியதற்கு முதலின் குறைவோடு, தமிழரின் விருந்து மரபும் வேலை நேரமும் காரணமாயின. மூன்று, சாதி விலக்கின் முதன்மையான களங்களுள் ஒன்றாயிருந்த உணவுக் கடை புலம்பெயர் சூழலில் அப்பண்பை இழந்தது. ஆயினும் உடனமர்தல் என்னும் வினாவை அது தீர்க்காமலே விட்டுச் சென்றது.

இவற்றை உறுதிப்படுத்தவோ திருத்தவோ வேண்டிய சான்று, குசினியில் நின்றோரின் வாய்மொழியே. ஆண் பெண் இருபாலாரிடமும், எல்லா ஊர்களையும் சாதிகளையும் சேர்ந்தோரிடமும், அவர்களது பேச்சுவழக்கிலேயே அது பதியப்பட வேண்டும். புகாரின் காழியரும் கூவியரும் ஒரு புலவரின் வரிசையில் பெயரேனும் பெற்றனர். அஜின்கோர்ட்டின் இடியப்பம் பிழிந்தோருக்கும் நகர மையத்தில் கோப்பை கழுவியோருக்கும் அவ்வளவேனும் செய்தல் தமிழியல் ஆய்வின் கடன்.